முத்தும்வரை காத்திருக்கலாமா? வன்னி முதியோரும் கண்புரைச் சத்திரசிகிச்சையும்

காலபோக அறுவடை முடியட்டும். வற்றாப்பளைப் பொங்கல் போகட்டும். கனடாவிலிருந்து மகள் வரட்டும். வட இலங்கையின் வன்னியில் கண்புரைச் சத்திரசிகிச்சை தள்ளிப்போவதற்கு வீட்டுக்கு வீடு ஒரு காரணம் இருக்கிறது. எல்லாக் காரணங்களுக்கும் அடியில் கிடப்பது ஒரே நம்பிக்கைதான்: புரை இன்னும் முத்தவில்லை, முத்தியபின் பார்க்கலாம்.

இந்தத் தயக்கத்தோடு 2023இல் ஓர் அச்சமும் சேர்ந்துகொண்டது. அவ்வாண்டு நுவரெலியாவில் கண்புரைச் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்களில் சிலருக்கு, அதன்பின் இட்ட ஒரு சொட்டு மருந்தால் பார்வை பாதிக்கப்பட்டதாகச் செய்தி வந்தது. அந்த மருந்து பாவனையிலிருந்து நீக்கப்பட்டது. பிழை இருந்தது மருந்துப் போத்தலில். ஊர்ப்பேச்சிலோ அது, "ஒப்பரேஷன் செய்தவர்களுக்குக் கண் போய்விட்டதாம்" என்று சுருங்கிவிட்டது. இன்றும் கிளினிக்கில் திகதி கிடைத்தபின் பின்வாங்கும் முதியவர்கள் இந்தக் கதையைச் சொல்கிறார்கள்.

சத்திரசிகிச்சை பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் முடியும் வேலை. அதற்குப் பிந்திய ஆறு வாரம்தான் நீளமானது. அந்த ஆறு வாரமும் வீட்டில் யார் இருப்பார்கள் என்பது வன்னியில் எளிதில் விடை கிடைக்காத கேள்வி.

புரை எது, புரை அல்லாதது எது

கண்மணிக்குப் பின்னால், ஏறத்தாழ ஒரு கச்சான் பருப்பின் அளவில், ஒளி ஊடுருவும் வில்லை ஒன்று இருக்கிறது. நீரும் புரதமும் சேர்ந்த பொருள் அது. புரதங்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கும்வரை தெளிவாக இருக்கும். வயது ஏற ஏற அந்த ஒழுங்கு குலைந்து புரதங்கள் திரள்கின்றன. வேகவைத்த முட்டையின் வெள்ளைக்கரு போல வில்லை மங்குகிறது. இதுவே புரை. கண்ணுக்கு மேலே படரும் தோல் அல்ல. எனவே உரித்தெடுக்கவோ மருந்து விட்டுக் கரைக்கவோ முடியாது. நந்தியாவட்டைப் பூச்சாறு, தேன், தாய்ப்பால் என்று கண்ணில் எதை விட்டாலும் அது வில்லையைத் தொடப்போவதில்லை. கிருமி தொற்றுவதற்கு வழி திறப்பதுதான் மிச்சம்.

வயது தவிர, புரையை விரைவுபடுத்துபவை சில உண்டு: நீரிழிவு (ஊரில் சீனி வருத்தம்), புகைத்தல், நீண்டகால ஸ்டீரொய்ட் மருந்து, கண்ணில் பட்ட அடி, வெயிலின் புற ஊதாக் கதிர். நாற்பது ஆண்டுகள் தொப்பியில்லாமல் வயலில் நின்ற ஒருவருக்கு இவற்றில் ஒன்று நிச்சயம் பொருந்தும். பலருக்கு மூன்று பொருந்தும்.

முதுமையில் பார்வை மங்கினால் எல்லாமே புரை என்று எண்ணிவிடுகிறோம். அப்படியல்ல:

1. புரை. வலி இல்லை. மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் மங்கும். இரவில் ஏ-9 வீதியில் எதிரே வரும் லொறியின் விளக்கு வெடித்துச் சிதறுவதுபோல் தெரியும். சத்திரசிகிச்சையால் சரிசெய்யலாம்.
2. கண் அழுத்த நோய் (குளோக்கோமா). பெரும்பாலும் வலியின்றி ஓரப்பார்வையை முதலில் தின்னும். நேரே பார்ப்பது கடைசிவரை தெரிவதால் ஆளுக்கே தெரியாது. இழந்த பார்வை திரும்பாது, இருப்பதைக் காக்கலாம்.
3. நீரிழிவால் வரும் விழித்திரைப் பாதிப்பு. கண்ணின் பின்சுவரில் குருதிக்குழாய்கள் கசிகின்றன. புரையை எடுத்தாலும் இது மிஞ்சும்.
4. பூ விழுதல். கண்ணின் முன்பக்கக் கண்ணாடிப் படலத்தில் காயமோ புண்ணோ ஆறியபின் விழும் வெள்ளைத் தழும்பு. நெல் மணியோ வைக்கோல் துரும்போ அடித்த கண்களில் காணலாம். புரையையும் இதையும் ஊரில் ஒரே பெயரால் அழைப்பதுண்டு. சிகிச்சை முற்றிலும் வேறு.

ஒரே கண்ணில் இவற்றில் இரண்டு சேர்ந்து இருப்பதும் வழக்கம். "அவருக்கு நன்றாகத் தெரிகிறது, எனக்கு மட்டும் ஏன் தெரியவில்லை" என்று சத்திரசிகிச்சைக்குப் பின் எழும் மனக்குறைக்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

ஏமாற்றும் அறிகுறி ஒன்றும் உண்டு. வெள்ளெழுத்துக் கண்ணாடி இல்லாமல் பேப்பர் படிக்க முடியாதிருந்த அறுபத்தெட்டு வயதுக்காரர் திடீரென்று கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் படிக்கத் தொடங்குவார். வீடே மகிழும். வில்லையின் நடுப்பகுதி புரையால் இறுகி, கண் கிட்டப்பார்வைக்கு மாறியிருக்கிறது. அவ்வளவுதான். தூரம் ஏற்கனவே மங்கியிருக்கும். இன்னும் சில மாதத்தில் கிட்டவும் மங்கும்.

அறளை என்று பெயர் வாங்கும் பார்வைக் குறைவு

பேரனை மகன் பெயரால் கூப்பிடுகிறார். சோற்றில் கல் கிடக்கிறது, சுளகில் புடைத்தபோது காணவில்லை. ஆயிரம் ரூபாய் என்று ஐந்நூறைக் கொடுக்கிறார். காலைக் குளிசையை இரவிலும் போடுகிறார். வீட்டார் முடிவு கட்டிவிடுகிறார்கள்: அம்மம்மாவுக்கு அறளை பெயர்ந்துவிட்டது.

இவற்றில் பலவும் மறதியே அல்ல, தெரியாமை. மறதி நோய் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அதைத் தீர்மானிக்குமுன் கண்ணையும் காதையும் சோதிக்க வேண்டும். பார்வை மங்கினால் நடை குறைகிறது. நடை குறைந்தால் கால் தசை தளர்கிறது. தளர்ந்த காலோடு, குந்து இல்லாத கிணற்றடியில் ஒரு நாள் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிகிறது. அதன்பின் அந்த முதியவர் கட்டிலை விட்டு எழாமல் போகலாம். புரைச் சத்திரசிகிச்சை விழுதல்களைக் குறைக்கிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இன்சுலின் ஊசியின் கோடுகள் தெரியாமல் அளவு பிழைப்பது இன்னோர் ஆபத்து. அது ஒரே இரவில் உயிரை வாங்கக்கூடியது.

இன்னொன்றைத் தயங்காமல் சொல்ல வேண்டும். பார்வை மிகவும் குறைந்தவர்களில் சிலருக்கு இல்லாத உருவங்கள் தெரியும்: முற்றத்தில் நிற்கும் பிள்ளைகள், சுவரில் பூவேலை, வரிசையாகப் போகும் ஆட்கள். சத்தம் இராது. வருவதும் போவதும் அவர்கள் கையில் இல்லை. சுவிஸ் இயற்கையியலாளர் சார்ள்ஸ் பொனே 1760இல், புரையால் பார்வை குன்றிய தம் பாட்டனாருக்கு இவ்வாறு தெரிந்ததை எழுதிவைத்தார். அவர் பெயராலேயே இந்நிலை இன்று அறியப்படுகிறது. கண்ணிலிருந்து போதிய சமிக்ஞை வராதபோது மூளை தானே படம் வரைகிறது. பைத்தியமும் அல்ல, பேயும் அல்ல.

2009இல், போரின் இறுதியில், பிள்ளையை இழந்த தாய் ஒருவர், மாமரத்தடியில் ஒரு பையன் நிற்கிறான் என்று சொன்னால் வீடு எப்படி அதிரும் என்பதை வன்னியில் விளக்கத் தேவையில்லை. பூசாரியிடம் போகும் குடும்பங்கள் உண்டு. பலர் ஒருவரிடமும் சொல்லாமல் உள்ளுக்குள்ளேயே வைத்துக்கொள்கிறார்கள். கண் கிளினிக்கில் இதைச் சொல்லலாம், சொல்ல வேண்டும். மனத்துயரும் கூடவே இருக்கலாம். அதற்கு உதவி வேறு. ஒன்று மற்றதைப் பொய்யாக்காது.

"முத்தட்டும்" எங்கிருந்து வந்தது

இந்த அறிவுரை ஒருகாலத்தில் சரியாகவே இருந்தது. அதுதான் சிக்கல்.

பழைய முறையில் வில்லையை அதன் உறையோடு முழுதாக வெளியே எடுத்தார்கள். பதிலுக்கு எதையும் வைப்பதில்லை. வில்லையில்லாத கண்ணுக்குச் சோடாப் போத்தலின் அடி போன்ற தடித்த கண்ணாடி கொடுப்பார்கள். அந்தக் கண்ணாடி எல்லாவற்றையும் கால்பங்குக்கு மேல் பெரிதாக்கும். படி இருக்குமிடத்தில் கால் படாது. அப்படிப்பட்ட பார்வைக்கு மாறுவதைவிட மங்கலான சொந்தப் பார்வையே மேல். ஆகவே இரண்டு கண்ணும் ஏறத்தாழ இருளும்வரை காத்திருக்கச் சொன்னார்கள். முத்தி இறுகிய வில்லை முழுதாகக் கழன்று வருவதும் எளிதாக இருந்தது.

இதை மாற்றியவர் லண்டனில் வேலை செய்த ஹரோல்ட் ரிட்லி என்ற கண் வைத்தியர். இரண்டாம் உலகப்போரில் போர்விமானத்தின் விதானம் நொறுங்கி அதன் பிளாஸ்டிக் துண்டுகள் விமானிகளின் கண்ணுக்குள் பாய்ந்திருந்தன. அந்தத் துண்டுகள் கண்ணுக்குள் கிடந்தும் கண் அவற்றைப் பெரிதாக எதிர்க்கவில்லை என்பதை அவர் கவனித்தார். அதே வகைப் பொருளில் வில்லை செய்து 1949 நவம்பர் 29ஆம் திகதி முதன்முதலாக ஒரு கண்ணுக்குள் வைத்தார். பிற்காலத்தில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை 1992இல் ஒரோலாப் என்ற தன் ஆலையைத் தொடங்கி இந்த வில்லைகளை மலிவாகச் செய்யத் தொடங்கியது. ஏழை நாடுகளில் செயற்கை வில்லை பரவியதில் அதன் பங்கு பெரிது.

இன்று வில்லையின் உறையைக் கண்ணுக்குள்ளேயே விட்டு, உள்ளிருக்கும் புரையை மட்டும் எடுத்து, அந்த உறைக்குள் செயற்கை வில்லையை வைக்கிறார்கள். இரண்டு வழிகள் வழக்கத்தில் உள்ளன. ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் துளை வழியே மீயொலி அதிர்வால் புரையை உடைத்து உறிஞ்சுவது ஒன்று. இதற்குப் பேக்கோ என்று பெயர். 6, 7 மில்லிமீற்றர் கீறல் வழியே புரையை எடுத்து, தையல் போடாமலே மூடவிடுவது மற்றது. இரண்டும் நல்ல முறைகள். இரண்டாவதை ஏதோ ஏழைக்கான மட்டமான வேலை என்று நினைக்க வேண்டியதில்லை. மிக முத்திய புரைக்குப் பல வைத்தியர்கள் அதையே விரும்பித் தெரிவுசெய்கிறார்கள்.

இந்த முறைகளுக்கு முத்திய புரை தொல்லை. இறுகிய வில்லையை உடைக்கக் கூடுதல் அதிர்வு தேவை; உறை கிழியும் வாய்ப்பும் கூடுகிறது; பின்னால் விழித்திரை எப்படி இருக்கிறது என்று முன்கூட்டியே பார்க்க முடிவதில்லை. இன்னும் விட்டால் வில்லை வீங்கியோ கசிந்தோ கண் அழுத்தத்தைத் திடீரென ஏற்றும். கண் சிவந்து, தலை பிளக்கும் வலியோடு வாந்தியும் வரும். அன்றே வைத்தியசாலைக்குப் போகாவிட்டால் பார்வை நிரந்தரமாகப் போய்விடலாம்.

அப்படியானால் எப்போது? கிளினிக் கொப்பியில் 6/60 என்று எழுதியிருந்தால், நல்ல கண் 60 மீற்றரில் காண்பதை இந்தக் கண் 6 மீற்றரில்தான் காண்கிறது என்று பொருள். இந்த எண் ஓர் அளவுகோல்தான். வயல் வரம்பில் பாம்பு கிடப்பது தெரிகிறதா, அரிசியில் கல் தெரிகிறதா, பஸ்ஸின் பெயர்ப்பலகை தெரிகிறதா? அன்றாட வேலைக்குப் பார்வை இடைஞ்சலாகிவிட்டது என்று அவருக்கே தோன்றும்போது நேரம் வந்துவிட்டது.

செல் (எறிகணை) துண்டு பட்ட கண்கள்

முதுமைக்கு முன்பே புரை விழுந்தவர்கள் வன்னியில் இருக்கிறார்கள். வெடி அதிர்ச்சியோ சிறு துண்டோ பட்ட கண்ணில் பல ஆண்டுகள் கழித்தும் புரை வரலாம். இவர்கள் மூன்றைக் கவனிக்க வேண்டும்.

1. விமானியின் கண்ணில் இருந்த பிளாஸ்டிக் துண்டு சும்மா கிடந்தது. இரும்பும் செம்பும் அப்படிச் சும்மா இரா. கண்ணுக்குள் இருக்கும் இரும்பு மெல்லத் துருப்பிடித்து விழித்திரையை நஞ்சூட்டும்.
2. அடிபட்ட கண்ணில் வில்லையைத் தாங்கும் நார்கள் தளர்ந்திருக்கலாம். சத்திரசிகிச்சை செய்யலாம், ஆனால் வைத்தியர் அதற்கு முன்கூட்டியே ஆயத்தமாக இருக்க வேண்டும். "எப்போதோ பட்டது, இப்போது எதற்கு" என்று மறைக்கக் கூடாது.
3. உடலில், குறிப்பாகக் கண்ணருகே, உலோகத் துண்டு இருப்பவர்கள் எம்.ஆர்.ஐ. பரிசோதனைக்கு அனுப்பப்பட்டால் அதை முதலிலேயே சொல்ல வேண்டும். அந்த இயந்திரத்தின் காந்தம் துண்டை நகர்த்தக்கூடும்.

கத்திக்கு முன்

வில்லையின் வலுவைக் கணக்கிடக் கண்ணின் நீளத்தை அளப்பார்கள். சாதாரணமாக அது 23, 24 மில்லிமீற்றர். ஒரு மில்லிமீற்றர் பிழைத்தாலும் கண்ணாடி எண் இரண்டரைக்கு மேல் மாறிவிடும். எனவே அளவெடுக்கும் நாளைச் சும்மா ஒரு நாள் என்று விட்டுவிடக் கூடாது. சீனி, குருதி அமுக்கம், கண்ணீர்ப்பை அடைப்பு, உடலில் எங்காவது புண் என்பவற்றையும் பார்ப்பார்கள்.

ஆண்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. சிறுநீர் தடைப்படுவதற்காக டாம்சுலோசின் என்ற குளிசை எடுப்பவர்கள் அதைக் கண் வைத்தியரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். கண்மணியைச் சுற்றிய தசையை அது தொய்யச் செய்யும். சத்திரசிகிச்சையின் நடுவில் சிக்கல் தரும். "அது வேறு கிளினிக் மருந்து" என்று கொப்பியை வீட்டில் வைத்துவிட்டு வருபவர்கள் அதிகம். எல்லாக் கொப்பிகளையும் ஒரே பையில் கொண்டுபோவது நல்லது.

வெளிநாட்டுப் பிள்ளைகள், "விலை கூடிய வில்லையே போடட்டும்" என்று பணம் அனுப்புவதுண்டு. தூரமும் கிட்டவும் ஒன்றாகக் காட்டும் அந்த வகை வில்லை, நீரிழிவால் விழித்திரை பழுதான கண்ணுக்குப் பெரும்பாலும் பொருந்தாது. இரவில் விளக்கைச் சுற்றி வளையங்களும் தெரியும். அரச வைத்தியசாலையில் வைக்கும் சாதாரண வில்லை பெரும்பாலான முதியவர்களுக்குத் தாராளமாகப் போதும். அந்தப் பணத்தை ஆறு வாரத்துக்குத் துணைக்கு ஓர் ஆளை வைக்கச் செலவழித்தால் பயன் கூடும் என்பது என் கணிப்பு.

முதல் வாரத்தில் 84 சொட்டு

மேசையில் நடப்பதைச் சொல்ல அதிகமில்லை. கண்ணை மட்டும் மரக்கச் செய்வார்கள், ஆள் விழித்திருப்பார், வெளிச்சமும் நீரும் உணர்வார், இருமல் வந்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். பெரும்பாலும் அன்றோ மறுநாளோ வீட்டுக்கு விடுவார்கள்.

பிறகு தொடங்குவது சொட்டு மருந்து. கிருமிக்கு எதிரான ஒன்று, வீக்கத்தைத் தணிக்கும் ஸ்டீரொய்ட் ஒன்று. அளவு வைத்தியருக்கு வைத்தியர் மாறும். ஒரு நாளைக்கு ஆறு தடவை என்று வைத்துக்கொண்டால் இரண்டு போத்தலிலும் சேர்த்து முதல் வாரத்தில் மட்டும் 84 சொட்டு. பின்பு வாரம் வாரம் குறைத்து நான்கு முதல் ஆறு வாரம் வரை போகும். கை நடுங்கும் எழுபத்தைந்து வயதுக்காரர் தனியே இதைச் செய்தால் பாதி கன்னத்தில் ஓடும். போத்தல் நுனி இமையில் முட்டி மருந்தே அழுக்காகும்.

செய்யும் விதம்:

1. விடுபவர் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும். முதியவர் பாயிலோ கட்டிலிலோ மல்லாந்து படுக்கட்டும்.
2. கீழ் இமையைச் சற்று இழுத்து, உண்டாகும் பள்ளத்தில் ஒரே ஒரு சொட்டு. இரண்டாவது சொட்டு வழிந்துதான் போகும்.
3. கண்ணை மெதுவாக மூடி, மூக்கோரத்தை ஒரு நிமிடம் அழுத்திப் பிடிக்கலாம்.
4. அடுத்த போத்தலுக்கு ஐந்து நிமிட இடைவெளி.
5. எழுத்துத் தெரியாதவருக்குப் போத்தலைப் பிரித்தறிய இறப்பர் வளையம் போதும்: ஒன்றுக்கு ஒரு வளையம், மற்றதற்கு இரண்டு. தடவிப் பார்த்தே சொல்லிவிடுவார்.

ஸ்டீரொய்ட் சொட்டைத் திடீரென நிறுத்துவதும் பிழை, சொன்ன நாளுக்கு மேல் தொடர்வதும் பிழை. நீண்டால் கண் அழுத்தம் ஏறும். பக்கத்து வீட்டுக்காரரின் சிவந்த கண்ணுக்கு அதைக் கடன் கொடுப்பது பெரும் பிழை.

தலையில் வாளி நீர் ஊற்றிக் குளிப்பது, கிணற்றில் நீர் இழுப்பது, நெல் மூட்டை தூக்குவது, விறகடுப்புப் புகையில் குந்தியிருப்பது ஆகியவை வைத்தியர் சொல்லும்வரை கூடாது. கழுத்துக்குக் கீழே குளிக்கலாம். வெட்டு மெசின் ஓடும் நாட்களில் தூசி ஊரையே மூடும். ஆகவே அறுவடை முடியட்டும் என்ற சாட்டில் மட்டும் ஓரளவு நியாயம் உண்டு; அதையும் அடுத்த போகம்வரை நீட்டாதிருந்தால்.

இனி அந்தக் கேள்வி: யார் சொட்டு விடுவது? பிள்ளைகள் இல்லாமல் போன வீடுகள் இங்கு அதிகம். இருக்கும் பிள்ளைகள் கொழும்பிலோ கடல் கடந்தோ. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் பெற்றோரைப் பராமரிக்கும் கடமையைப் பிள்ளைகள்மேல் வைக்கிறது. பிள்ளையே இல்லாதவர் அந்தச் சட்டத்தோடு எந்தக் கதவைத் தட்டுவது? நடைமுறையில் கைகொடுப்பது அயல்தான். திகதி கிடைத்தவுடன் கிராம அலுவலரிடமும் ஊர் முதியோர் சங்கத்திலும் மாதர் சங்கத்திலும் சொல்லிவைத்து, காலைக்கு ஒரு வீடு, மாலைக்கு ஒரு வீடு என்று முறை போட்டுக்கொள்ளலாம். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகூட இதைச் சுத்தமாகச் செய்யும். ஆள் கிடைக்கவில்லை என்றால் அதைக் கிளினிக்கில் முன்பே சொல்ல வேண்டும்.

உறுத்தல், வலி, போக்குவரத்து

சில நாள் உறுத்தல், நீர்வடிதல், இலேசான சிவப்பு, வெளிச்சக் கூச்சம் இயல்பு. வெள்ளை வேட்டி நீலம் போட்டதுபோல் பளிச்சிடுவதும் இயல்பே: மஞ்சளேறிய பழைய வில்லை இத்தனை காலம் நீலத்தை வடிகட்டிக்கொண்டிருந்தது.

வலி கூடிக்கொண்டே போவது, தெளிந்த பார்வை திரும்ப மங்குவது, சீழ், மின்னல் கீற்றுகள், ஒரு பக்கத்தில் திரை விழுந்தாற்போன்ற நிழல். இவற்றில் எது வந்தாலும் அடுத்த கிளினிக் நாளுக்குக் காத்திருக்கக் கூடாது. கண்ணுக்குள் கிருமி தொற்றுவது அரிது. தொற்றினால் மணிக்கணக்கில் கெடும். பரந்தனிலிருந்து முல்லைத்தீவுவரை ஏறத்தாழ 50 கிலோமீற்றர். இடையிலுள்ள உட்கிராமங்களில் மாலைக்குப்பின் பஸ் இல்லை. எனவே முச்சக்கரவண்டிக்காரர் ஒருவரின் எண்ணைச் சத்திரசிகிச்சைக்கு முன்பே சுவரில் பெரிதாக எழுதி ஒட்டிவைப்பது வீண் பயம் அல்ல.

கண்ணாடியும் இரண்டாவது கண்ணும்

சாதாரண வில்லை பெரும்பாலும் தூரத்துக்குப் பொருத்தப்படுவது. கிட்டப் படிக்கக் கண்ணாடி தேவைப்படும். கண் ஆற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும் என்பதால் அதற்குப் பிறகே எண் பார்க்க வேண்டும். ஊசியில் நூல் கோக்க முடியவில்லை என்பதால் சத்திரசிகிச்சை பிழைத்துவிட்டது என்று முடிவு கட்டுபவர்களுக்கு இதை முன்பே சொல்லிவைக்க வேண்டும்.

சில மாதமோ சில ஆண்டோ கழித்துப் பார்வை மறுபடி மங்கினால், "புரை திரும்ப வளர்ந்துவிட்டது" என்பார்கள். எடுத்த புரை வளராது. செயற்கை வில்லைக்குப் பின்னால் விட்டுவைத்த உறை மங்கியிருக்கும். லேசர் கதிரால் அதில் ஒரு சாளரம் திறப்பது கிளினிக்கிலேயே சில நிமிடத்தில் முடியும். கத்தியும் இல்லை, கட்டும் இல்லை.

ஒரு கண் தெளிந்து மற்றது மங்கலாக இருக்கும் இடைக்காலம் நடைக்கு ஆபத்தானது. ஆழம் பிடிபடாது, படியில் கால் தவறும். முதற் கண்ணின் கடைசிப் பரிசோதனை அன்றே இரண்டாவது கண்ணுக்கான திகதியைக் கேட்டுவிடலாம். அந்த முறை வரும்போது, பழைய போத்தல்களில் மருந்து மிச்சம் இருந்தாலும் தொடக்கூடாது. திறந்து 28 நாள் ஆனதும் அவை குப்பைக்குப் போயிருக்க வேண்டும். இறப்பர் வளையங்களை மட்டும் கழற்றி வைத்துக்கொள்ளலாம்.